வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: முடித்துக்கொண்டு வருவது எப்படி?



சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மாமி ஒருவர், தம் பேரன் ஒரு செமஸ்டர் படிப்பதற்காக ஜெர்மனிக்குப் போகப்போகிறான் என்று சொல்லிவிட்டு வரிசையாகக் கேள்விகள் கேட்டார். தயிர் கிடைக்குமா, எத்தனை ஸ்வெட்டர் வேண்டும், விசாவுக்கு எவ்வளவு பணம் காட்டவேண்டும், பையன் தானே சமைத்துக்கொள்வானா? தெரிந்த அளவில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. போவதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். முடித்துக்கொண்டு திரும்புவதைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் போகும்போது யாரிடமும் கேட்கவில்லை. அதனால் எனக்கு ஒரு வருஷமே போயிருக்கும். நூலிழையில் தப்பினேன்.

ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் அதையே எழுதிக் கொடும்மா" என்றார். எழுதுகிறேன். என்னுடையது நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மும்பையில் பி.ஏ. வரலாறு படித்தவள். ஐந்தாவது செமஸ்டரை, 2024 அக்டோபரிலிருந்து 2025 பிப்ரவரி வரை, ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் படித்தேன். இரண்டு இடங்களுக்கும் மாணவர் பரிமாற்ற ஏற்பாடு இருந்ததால் படிப்புக் கட்டணத்தை இங்கே கட்டினால் போதும். தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு நம்முடையது. அப்பா பி.எஃப். பணத்தில் கைவைத்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அது இரண்டாம் முறை செலவழிக்க முடியாத பணம்.

செமஸ்டர் என்றைக்கு முடிகிறது?

கேட்டால் அசட்டுக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு நாலு பதில் உண்டு. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் என்பது ஏட்டளவில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் நடப்பது அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரைதான்; நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை. பரீட்சைகள் பிப்ரவரியில் இருக்கும். சில பாடங்களுக்கு மார்ச்சில் கூட இருக்கும். பரீட்சைக்குப் பதிலாகக் கட்டுரை எழுதித் தரவேண்டிய பாடங்களுக்குப் பெரும்பாலும் மார்ச் 31 வரை தவணை. மதிப்பெண் வருவது அதற்கும் பிறகு.

நம் கல்லூரியிலோ ஆறாவது செமஸ்டர் டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. ஆக, அங்கே முடியும் முன்பே இங்கே ஆரம்பம். இந்த இடைவெளியில்தான் எல்லாச் சிக்கலும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் ஆகஸ்ட் மாதமே பிப்ரவரி 20ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் வாங்கிவிட்டேன். பரீட்சைத் தேதிகளோ நவம்பரில்தான் தெரியவந்தன. என்னோடு படித்த ஒரு பெண்ணுக்கு மார்ச் 6ஆம் தேதி பரீட்சை. அவள் டிக்கெட்டை மாற்றக் கட்டிய அபராதம், டிக்கெட் விலையில் பாதி இருக்கும். தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட் ஆரம்பத்தில் சற்று அதிக விலையாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

கிரெடிட் கணக்கு

ஐரோப்பாவில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு உண்டு. ஈ.சி.டி.எஸ். என்பார்கள். 1989இல் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்காக ஏற்பட்ட முறை. பிறகு ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. ஒரு வருஷப் படிப்புக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஜெர்மனியில் பெரும்பாலும் 30 என்றே கொள்கிறார்கள். அப்படியானால் 10 கிரெடிட் பாடத்துக்கு 300 மணி நேரம். எனக்கு அந்தப் பாடத்துக்கு வாரத்தில் நாலு மணி நேரம்தான் வகுப்பு. 15 வாரத்துக்கு 60 மணி. மீதி 240 மணி நேரத்தை நாமே நூலகத்தில் உட்கார்ந்து நிரப்பவேண்டும். "வாரத்தில் மூணு நாள்தான் காலேஜா? அப்ப மத்த நாள் என்னடி பண்றே?" என்று அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருப்பாள். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்றே நினைக்கிறேன்.

புறப்படும் முன் 'லேர்னிங் அக்ரிமெண்ட்' என்ற தாளில் என்னென்ன பாடம் எடுக்கப்போகிறோம், எத்தனை கிரெடிட் என்று எழுதி, மாணவர், அந்தப் பல்கலைக்கழகம், நம் கல்லூரி என்று மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டும். இந்தத் தாள் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி முக்கியம். இதில் இல்லாத பாடத்தில் நீங்கள் முதல் மதிப்பெண் வாங்கினாலும் நம் கல்லூரி அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். என் தாளில் நாலு பாடங்கள்: 10, 10, 5, 5. மொத்தம் 30. ஒன்று குறைந்தாலும் முழு செமஸ்டராக எடுத்துக்கொள்ள முடியாது என்று எங்கள் கல்லூரியில் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நான் செய்த தவறு

நம் ஊரில் பரீட்சை பாரம் நிரப்பாத மாணவியைத் தேடிப் பிடிப்பார்கள். அறிவிப்புப் பலகையில் பெயர் வரும், வகுப்பில் வந்து வாசிப்பார்கள், ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் கூட வரும். அபராதத்தோடு கடைசி நாளும் உண்டு, அதற்குப் பிறகு இரட்டை அபராதத்தோடு இன்னொரு கடைசி நாளும் உண்டு.

அங்கே வகுப்பில் சேர்வது வேறு, பரீட்சைக்குப் பதிவு செய்வது வேறு. பரீட்சைப் பதிவு எங்களுக்கு டிசம்பரில் சில நாட்கள் மட்டும் கணினியில் திறந்திருந்தது. மூன்று பாடங்களுக்குப் பதிவு செய்தேன். நாலாவது, ஐரோப்பியப் பொருளாதார வரலாறு, 10 கிரெடிட், வேறொரு துறையைச் சேர்ந்தது. அதற்குத் தனி இடத்தில் பதிவு. அறிவிப்பு ஜெர்மன் மொழியில் வந்திருந்தது. பார்த்தேன். உள்ளூர் மாணவர்களுக்கு என்று நினைத்து மூடிவிட்டேன்.

ஜனவரி இரண்டாம் வாரம், பரீட்சை எந்த அறையில் என்று பேராசிரியரிடம் கேட்டேன். பட்டியலைப் பார்த்தார். என் பெயர் இல்லை. அக்டோபரிலிருந்து ஒரு வகுப்பு விடாமல் முன் வரிசையில் உட்கார்ந்தவள் நான். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் தேர்வு அலுவலகத்தில் தவணை முடிந்துவிட்டது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்" என்பதற்கு ஜெர்மன் மொழியில் வார்த்தை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அங்கே எடுபட்டிருக்காது.

அன்று ராத்திரி செம்பூருக்குப் போன் செய்தேன். 30 கிரெடிட்டில் 20தான் வரும். ஐந்தாவது செமஸ்டர் செல்லாது. அடுத்த அக்டோபரில் ஐந்தாவது செமஸ்டர் தாள்களை இங்கே எழுதவேண்டும். அதுவரை டிகிரி நிற்கும், எம்.ஏ. நிற்கும். அம்மா, "அங்கே போயுமா பாரம் நிரப்ப மறந்தே?" என்றாள். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அழறதை நாளைக்கு வெச்சுக்கோ. வேற என்ன வழி இருக்குன்னு அங்கேயே யார்கிட்டயாவது கேளு" என்றார்.

கேட்டேன். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு. அங்கே இருந்த அம்மையார் என் புலம்பலைக் கேட்டுவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டார். பெயர் கொடுக்காமல் நீ போய் உட்காரும் வகுப்பு ஏதாவது உண்டா? அதில் பரீட்சைக்குப் பதிலாகக் கட்டுரை உண்டா? அதற்குப் பதிவு இன்னும் திறந்திருக்கிறதா? அந்த மூன்று கேள்விகளையும் இங்கே எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை ஒப்புக்கொண்டேன் என்றே சொல்லலாம். உங்கள் பிள்ளைகளில் யாராவது இதே குழியில் விழுந்தால் முதலில் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்.

என் நல்ல காலம், மூன்றுக்கும் பதில் 'ஆம்'.

தரங்கம்பாடி காப்பாற்றியது

வியாழக்கிழமைகளில் ஒரு கருத்தரங்க வகுப்புக்கு நான் சும்மா போய்க்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் மிஷனரிகள் எழுதிய கடிதங்கள் பற்றிய வகுப்பு. பாடப் பட்டியலில் தரங்கம்பாடி என்ற பெயரைப் பார்த்ததுதான் காரணம். எங்கள் பாட்டி ஊர் மாயவரம், அங்கிருந்து பக்கம்.

லைப்சிக்கிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம் போனால் ஹாலே என்ற ஊர். அங்கே 1698இல் ஃபிராங்கே என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதியும் பள்ளிகளும் இன்றும் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் படித்த சீகன்பால்கு, 1706 ஜூலையில் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களையும் அறிக்கைகளையும் ஹாலேயில் தொடர்ந்து அச்சிட்டார்கள். அவற்றில் மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் உண்டு. மொத்தம் 99 கடிதங்கள், 1714லும் 1717லும் இரண்டு பகுதிகளாக வந்தன.

டிசம்பரில் வகுப்போடு எங்களை ஹாலேக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிக்குள் தமிழ் ஓலை. ஆசிரியை என்னைப் பார்த்து, "வாசிக்க முடிகிறதா?" என்றார். பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். சங்க வகுப்பில் 'அறம் செய விரும்பு' வாசித்த தைரியத்தில் குனிந்தேன். ஒன்றும் புரியவில்லை! எழுத்துத் தெரிகிறது, சொல் பிரியவில்லை. ஒருபாடாக மூன்று சொற்கள் பிடிபட்டன, அதற்கே கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "ஓலையிலே புள்ளி வைக்க மாட்டாங்கம்மா, ஓலை கிழியும்னு. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எகரம் ஏகாரம் வித்தியாசம் கிடையாது. நீயேதான் இடம் பார்த்துப் பிரிச்சுக்கணும்" என்றார். அடுத்த வியாழக்கிழமை அதை நான் வகுப்பில் சொன்னேன். ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஆகவே ஜனவரியில் நான் போய் நின்றபோது அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். 15 பக்கக் கட்டுரை, 10 கிரெடிட், மார்ச் 31 தவணை, இந்தியாவிலிருந்தே அனுப்பலாம். பதிவுக்கு ஜனவரி கடைசி வரை நேரம். சரி என்றார்.

இத்தோடு தீர்ந்ததா? லேர்னிங் அக்ரிமெண்டை மாற்றவேண்டுமே. மறுபடியும் மூன்று கையெழுத்து. என்னுடையது ஒரு நிமிஷம், அவர்களுடையது இரண்டு நாள், நம் கல்லூரியுடையது 19 நாள். பரிமாற்றப் பொறுப்பில் இருந்தவர் மாறிவிட்டிருந்தார். என் கடிதங்கள் பழையவரின் பெட்டியிலேயே கிடந்திருக்கின்றன. கடைசியில் அப்பா அரை நாள் லீவு போட்டு, தாளை எடுத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் போய், கையெழுத்து ஆகும் வரை மேஜைக்கு முன்னால் நின்றார். கணினி யுகத்திலும் சில காரியங்களுக்கு ஓர் அப்பா நேரில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

கிளம்பும் முன்

கடைசி இரண்டு வாரம் படிப்பைவிட அலைச்சல்தான் அதிகம். ஊரைவிட்டுப் போகிறேன் என்று நகர அலுவலகத்தில் பதிவை நீக்கவேண்டும். வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த பிறகு இரண்டு வாரம் வரை செய்யலாம். அதற்கு முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே கொடுக்கும் சான்றிதழைப் பல பிரதி எடுத்துவையுங்கள். மருத்துவக் காப்பீட்டை நிறுத்த அது வேண்டும். வானொலி தொலைக்காட்சிக் கட்டணத்தை நிறுத்த அது வேண்டும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, ரேடியோவே இல்லாவிட்டாலும் உண்டு. நிறுத்தாமல் வந்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். விசாவுக்காக முடக்கிவைத்த பணத்தில் மீதி இருந்தால் அதைத் திரும்ப வாங்கவும் இந்தச் சான்று உதவும். (2024 செப்டம்பரில் அந்தத் தொகையை மாதத்துக்கு 992 யூரோ என்று வைத்தார்கள். மாமிக்குப் பந்தியில் சொல்ல மறந்துவிட்டேன்.)

வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். அறைக்குக் கட்டிய முன்பணம் காலி செய்த அன்றே வராது, வாரக்கணக்கில் ஆகும். என் பக்கத்து அறைப் பையன் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தோம் என்ற பெருமையில் கணக்கை மூடிவிட்டு, பிறகு அந்தப் பணத்தை வாங்க நாலு மாதம் கடிதம் எழுதினான்.

இன்னொன்று முக்கியம். நகரத்தில் பதிவு நீக்குவது போலவே பல்கலைக்கழகத்திலும் பெயர் நீக்கம் உண்டு. நானும் ஒரே சுறுசுறுப்பில் பிப்ரவரி 18ஆம் தேதி அந்தப் படிவத்தையும் நிரப்பிக்கொண்டு போனேன். அதே அம்மையார் படிவத்தை என்னிடமே திருப்பித் தள்ளினார். கட்டுரை பாக்கி இருக்கும்போது பெயரை நீக்கினால் நீ மாணவியே இல்லை, பிறகு யாருக்கு மதிப்பெண் போடுவது என்று கேட்டார். மார்ச் 31 வரை பெயர் இருக்கட்டும் என்றார். இதைப் பையன்களுக்குச் சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள்.

அறையைத் துடைத்து, சுவரில் ஆணி அடித்த ஓட்டையை அடைத்து, பொறுப்பாளரிடம் சாவி கொடுத்தேன். அடுப்பின் பின்பக்கம் வரை டார்ச் அடித்துப் பார்த்தார். ஆறு மாத ரசம் தாளித்த சுவரல்லவா! சேர்த்துவைத்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் கடை இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். 19 பாட்டில், 4 யூரோ 75 சென்ட். அதில் விமான நிலையத்துக்குப் போகும் வழிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

திரும்பிய பிறகு

இங்கே வந்ததும் முதல் பயம் வருகைப்பதிவு. நம் கல்லூரிகளில் 75 சதவீதம் கேட்கிறார்களே. நல்லவேளையாக, போகும் முன்பே "எழுத்தில் வாங்கு, வாய் வார்த்தை வேண்டாம்" என்று அம்மா பிடிவாதம் பிடித்து முதல்வரிடம் அனுமதிக் கடிதம் வாங்கவைத்திருந்தாள். இந்த முழுக் கதையிலும் முன்கூட்டியே சரியாக நடந்த ஒரே காரியம் அது.

பகலில் ஆறாவது செமஸ்டர், ராத்திரியில் கட்டுரை. குக்கர் விசில் நடுவே உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் கடிதங்களைப் படித்தேன். முந்நூறு வருஷத்துக்கு முந்திய தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் தமிழில் சொன்னதை ஜெர்மனில் படித்து, செம்பூரில் ஆங்கிலத்தில் எழுதினேன். மார்ச் 31 நள்ளிரவு என்றால் நமக்கு அதிகாலை நாலரை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். 2025இல் அது மார்ச் 30. ஆகவே மூன்றரைதான்! இரண்டு மணிக்கு அனுப்பினேன். 'இது என் சொந்த உழைப்பு' என்று கையெழுத்திட்ட தாள் ஒன்றையும் சேர்த்து அனுப்பவேண்டும், அதில்லாமல் ஏற்கமாட்டார்கள்.

எங்கள் கல்லூரி கேட்டது ஏப்ரல் 30க்குள் மதிப்பெண். முறையான மதிப்பெண் பட்டியல் மே கடைசியில்தான் வரும் என்று அங்கிருந்து பதில். ஆசிரியைக்கு நிலைமையை எழுதினேன். அவர் சீக்கிரமாகத் திருத்தி, அலுவலகத்திலிருந்து கையெழுத்தும் முத்திரையும் வைத்த தற்காலிகக் கடிதம் ஏப்ரல் 28ஆம் தேதி வந்தது. "ஒரிஜினல் எங்கே?" என்றார் நம் குமாஸ்தா. ஒரிஜினல் வந்ததும் தருகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள்.

கட்டுரைக்கு வந்த மதிப்பெண் 2.0. வீட்டில் ஒரே அமைதி. "ரெண்டா? பத்துக்கா?" என்றாள் அம்மா. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. நம் பத்துப் புள்ளிக் கணக்கில் 4 தேர்ச்சி என்று வைத்துக்கொண்டால், அங்கே 1இலிருந்து 4 வரையுள்ள மூன்று படிகள் இங்கே 10இலிருந்து 4 வரையுள்ள ஆறு படிகளுக்குச் சமம். ஆகவே 2.0 என்பது 8, 3.0 என்பது 6. எங்கள் கல்லூரி இப்படித்தான் மாற்றியது. உங்கள் கல்லூரி எப்படி மாற்றும் என்பதைப் போகும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

பி.ஏ. முடிவு மற்றவர்களோடு சேர்ந்தே வந்தது. அறை முன்பணம் ஏப்ரலில் வந்து, பிறகுதான் வங்கிக் கணக்கை மூடினேன். லேர்னிங் அக்ரிமெண்ட், அதை மாற்றிய படிவம், தற்காலிகக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை என் விவரங்களை மறைத்து ஒரு கோப்பில் போட்டு நம் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். மாமியின் பேரன் முதலில் எடுத்துப் போயிருக்கிறான். அவன் திருப்பித் தந்ததும் மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.